மதிலூரை நான் மூழ்கடித்த கதை

எனக்குத் திசை தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை, இருந்த வெட்கமெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. திசை தெரியாத இந்த மண்டையை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சமூகக் கல்வி படிப்பித்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று கப்பலில் வேலை செய்கிறார்கள். கப்பல்கள் போய்ச் சேர்ந்தனவா என்று நான் விசாரிப்பதில்லை.

என்மேல் முழுப் பிழையும் இல்லை. கல்முனையில் பிறந்தவனுக்குத் திசை எதற்கு? கடல் இருக்கும் பக்கம் கிழக்கு, வயல் இருக்கும் பக்கம் மேற்கு. வழி கேட்டால் "கடல் பக்கம் திரும்பி ரெண்டாவது ஒழுங்க" என்று குறுந்தெருவைச் சொல்வார்கள், போய்ச் சேர்ந்துவிடுவோம். கடலும் தெரியாமல் வயலும் தெரியாமல் எங்காவது மாட்டிக்கொண்டால் பள்ளிவாசலைப் பார்த்தால் போதும். இமாம் நின்று தொழுவிக்கும் மிஹ்ராப் வெளியே இருந்து பார்க்கையில் சுவரில் வளைவாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்பு இருக்கும் பக்கம் மேற்கு. இந்த ஒரு அறிவை நம்பித்தான் நான் இங்கிலாந்து வரை போனேன்.

எழுபதுகளின் கடைசி. வாத்தியார் நியமனம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேவையில் நிரந்தரமாக்குவதற்கு முன் வட்டாரக் கல்வி அதிகாரி வந்து பாடம் பார்ப்பார். அவர் 'சரி' என்று எழுதினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரம் என்றால் எனக்குக் கலியாணம். எங்கள் பகுதி வட்டவிதானையாரின் மகள் ஹமீதாவைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். வட்டவிதானை என்றால் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர். ஆறு மாதமாக என் உம்மா நடையாய் நடந்து அவரிடம் வாங்கியிருந்த வார்த்தை இவ்வளவுதான்: "முதல்ல பொடியன்ட வேல நிரந்தரமாகட்டும் புள்ள. மறுகா நாள் வைப்பம்."

அதிகாரி வரப்போகிறார் என்ற கடிதத்தோடு அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஏதாவது ஒரு நகரத்தின் வரலாற்றையும் புவியியலையும் மொடல் செய்து படிப்பிக்க வேண்டும் என்பது கட்டளை.

"தம்பி, மட்டக்களப்புக் கோட்டயச் செய்ங்க" என்றார் அதிபர். "வாவி இரிக்கி, பாலம் இரிக்கி, கோட்ட மதில் இரிக்கி. லேசி."

நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளை அந்த வயதில் நான் கிட்ட எடுப்பதில்லை.

"ஏலா சேர். அதிகாரி மட்டக்களப்பு ஆள். அந்தக் கோட்டயில ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும், பிழ புடிச்சிருவாரு. அவருக்குத் தெரியாத ஊர் ஒண்டு செய்வம்."

அதிபரின் அலுமாரியில் பழைய பூகோளப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் இங்கிலாந்தின் சிறிய ஊர் ஒன்றைப் பற்றி ஒரு பாடம். ஊரைச் சுற்றி மதில், பக்கத்தில் ஆறு, நடுவில் பேராலயம். ஊரின் பெயரை என்னால் ஒரு தடவைகூட ஒழுங்காக உச்சரிக்க முடியவில்லை. அதனால் வகுப்பில் மதிலூர் என்று பெயர் வைத்தோம். புத்தகத்தின் பின்பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சமிருந்த வரைபடத்தைப் பிள்ளைகளுக்காக ரோணியோ மெஷினில் உருட்டிப் பிரதி எடுத்தேன். மை ஊறி, வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இருந்த மூலை கறுப்பாகிப் போனது. புத்தகத்தைத் திறந்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றால், அதற்குள் கறையான் முன்பாதிக்கும் வந்துவிட்டது.

நான் கலங்கவில்லை. வரைபடத்தின் நடுவில் பேராலயம். நீளமான கட்டடம், ஒரு முனையில் வாசல், மறுமுனையில் வளைந்த புடைப்பு.

மிஹ்ராப்!

வணக்கத்தலம் என்றால் வணக்கத்தலம்தானே. புடைப்பு இருக்கும் பக்கம் மேற்கு. அப்படியென்றால் வாசல் கிழக்கு. வாசலுக்கு முன்னால் ஓடும் ஆறும் கிழக்கு. அம்புக்குறி இல்லாமலே இங்கிலாந்துக்குத் திசை கண்டுபிடித்த என் மூளையை நினைத்து நானே புளகாங்கிதம் அடைந்தேன். இன்னொரு சங்கடமும் இருந்தது. மதிலில் நாலு வாசல் என்று பாடத்தில் படித்த ஞாபகம். வரைபடத்திலோ ஐந்து இடைவெளிகள். ஐந்தாவதை ரோணியோவின் கோளாறு என்று முடிவுகட்டி, மையால் அடைத்துவிட்டேன்.

பாடம் படிப்பிக்கத் தொடங்கிய அன்றே பிள்ளைகள் என்னைச் சோதித்தார்கள். அவர்களுக்கு மதில் விளங்கவில்லை. வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலி கட்டுவது தெரியும், ஊரையே சுற்றிக் கட்டுவது ஏன்? முன்வாங்கில் இருந்த றிஸானா கையைத் தூக்கினாள்.

"சேர், அந்த ஊருல குமருகள் கூடவா?"

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். (அவளைப் பிழை சொல்ல ஏலாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு வேலி எவ்வளவு உயரமோ, அந்த வீட்டில் அவ்வளவு பெண்பிள்ளைகள் இருப்பார்கள்.) பகைவர் வராமல் காப்பதற்குத்தான் மதில் என்று விளக்கினேன். முதலில் ரோமர் கட்டினார்கள், பிறகு அரசர்கள் உயர்த்தினார்கள், ஆறு ஒரு பக்கத்தைக் காத்தது, பேராலயம் வந்தபின் யாத்திரிகர் வந்தார்கள், யாத்திரிகர் வந்ததால் சந்தை வந்தது. இதுவரை எல்லாம் சரியாகவே படிப்பித்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

"அப்ப வெள்ளம் வந்தா, உள்ளுக்க வந்த தண்ணி எப்பிடி சேர் வெளியால போகும்?" என்று றிஸானா மறுபடியும் கேட்டாள்.

"வராது. இரி."

பள்ளிக்கூடத்தின் மேற்கு எல்லையில், அணை உயர்ந்த வாய்க்கால் ஒன்று வயலுக்கு ஓடியது. கிழக்கே அதிபரின் அலுவலகம், கந்தோர் என்போம். இரண்டுக்கும் நடுவில் இருந்த வெற்று நிலத்தில் மதிலூரை எழுப்பினோம். வயல் களிமண்ணைக் குழைத்து முழங்கால் உயரத்துக்கு மதில், நாலு வாசலிலும் களிமண்ணால் இறுக்கிய பலகைக் கதவு. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஊர். நடுவில் பேராலயம், கோபுரத்துக்கு உள்ளே பால்மா டின், யன்னல்களுக்கு டொஃபி சுற்றிய கலர்த் தாள். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். வயலுக்குப் போன ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

ஆற்றில் உண்மையான தண்ணீர் ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. தண்ணீர் யாரிடம் இருக்கிறது? வருங்கால மாமனாரிடம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினேன். கலியாணம் பேசிய வீட்டுப் படியில் மாப்பிள்ளை கால் வைக்கக் கூடாது. அதனால் வரம்பில் வைத்து விதானையாரைப் பிடித்தேன்.

"என்னத்துக்குத் தண்ணி?" என்றார்.

"ஒரு ஆறு உடணும்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறா? எத்தின ஏக்கருக்கு?"

விளக்கினேன். மனிதருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நேரே வந்து மதிலூரைச் சுற்றி நடந்தார். கந்தோர்ப் பக்கம் நான் தோண்டி வைத்திருந்த ஆற்றைப் பார்த்தார். வாய்க்காலில் இருந்து வடக்கு மதில் ஓரமாக ஊரைச் சுற்றி அதுவரைக்கும் வெட்டியிருந்த தண்ணீர்க் கானைப் பார்த்தார். குந்தியிருந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, வாய்க்கால் இஞ்சால கிடக்கு. ஆற இஞ்சாலயே வச்சா ரெண்டு எட்டுல வேல முடிஞ்சி. என்னத்துக்கு ஊரச் சுத்திக் கொண்டு போறீங்க?"

"இங்கிலாந்துல ஆறு கிழக்காலதான் விதானையார்."

"அந்த மூலயில நிலம் பள்ளம். தண்ணி திரும்பாது."

"திரும்பும். புத்தகத்துல இரிக்கி."

நாற்பது வருஷமாகத் தண்ணீரோடு பேசி வாழ்ந்த மனிதரிடம் நான் புத்தகத்தைக் காட்டினேன். அதுவும் கறையான் தின்ற புத்தகத்தை. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டார். "சரி, நாளைக்கு அர மணித்தியாலம் துரிசத் தூக்குறன்" என்று, வாய்க்கால் மதகைத் திறக்க ஒத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. அந்தச் சிலுவையை நான் கண்டேன். அதைக் கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் புத்தி அந்த நிலையில் இருந்தது.

பிள்ளைகள் மதிலூரைச் சுற்றி நின்றார்கள். நான் கம்பை எடுத்து ரோமரில் தொடங்கினேன். அதிகாரி தலையாட்டிக் கேட்டார். யாத்திரிகர் வரை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இந்தக் கோயில்ட பீடம் எந்தப் பக்கம்?"

"மேற்கு சேர்." கம்பால் புடைப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"பழைய பெரிய கோயில்களில பீடம் கிழக்கால அல்லவா இருக்கும்?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் 'அப்படியா சேர்' என்று கேட்டிருப்பான். என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். நான் சிரித்தேன். சிறு பிள்ளைக்குச் சொல்வது போல, வணக்கத்தலங்கள் மேற்கு நோக்கி இருப்பது உலக வழக்கம் என்று அவருக்கு விளக்கினேன். சின்ன வயதில் இருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் ஒரு கத்தோலிக்கருக்குக் கோயில் எந்தப் பக்கம் பார்க்கும் என்று பள்ளிவாசல் பரிபாலிக்கும் கல்முனை மரைக்கார் வீட்டுப் பிள்ளையான நான் பாடம் எடுத்தேன். அதிபர் எனக்குப் பின்னால் நின்று மூன்று தடவை இருமினார். அவருக்குத் தடிமன் என்று நினைத்தேன்.

"நல்லது" என்றார் அதிகாரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "ஆற்றக் காட்டுங்க பாப்பம்."

வாய்க்கால் அணையில் வைத்திருந்த பலகையை இழுத்தோம்.

தண்ணீர் வந்த அழகைச் சொல்ல வேண்டும். கான் நிறைந்து, நுரை தள்ளி, வடக்கு மதில் ஓரமாக ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மூலை வந்தது. அந்த இடத்தில் அது வலப்பக்கம் திரும்பி ஆறாக வேண்டும். திரும்பவில்லை. பாதி நேரே அதிபரின் கந்தோருக்குப் போனது. மறுபாதி மதில் மூலையை இடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது.

ரோமரும் அரசர்களும் கட்டிய மதில் மற்ற எல்லாப் பக்கமும் அசையாமல் நின்றது. அதுதான் வினை. உள்ளே வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. சந்தை மூழ்கியது, வீடுகள் கரைந்தன, கலர்த் தாள் யன்னல்கள் மிதந்தன. பேராலயம் மெல்லச் சாயத் தொடங்கியது. "சேர், நான் கேட்டனானே!" என்று றிஸானா அந்தக் களேபரத்திலும் கத்தினாள். பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடினார்கள். அதிகாரி தனக்கு உட்காரப் போட்டிருந்த கதிரையில் ஏறி நின்றார், ஆனால் ஏறுவதற்குள் சப்பாத்து இரண்டும் குளித்துவிட்டன. அதிபர் "என்ட றெஜிஸ்டர்! என்ட றெஜிஸ்டர்!" என்று கந்தோருக்குள் பாய்ந்தார்.

நான் என்ன செய்தேன்? பலகையை ஓடிப்போய் அடைத்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. மதிலைத் தாண்டிக் குதித்து, சேற்றில் முழங்காலிட்டு, சாய்ந்துகொண்டிருந்த பேராலயத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேலை போகிறது, கலியாணம் போகிறது, இதாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. உண்மையாகவே அழுதேன். சேறு முகத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று அன்று பின்னேரம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் விதானையார் வந்தார். தன் தண்ணீர் ஓடும் ஆற்றைப் பார்க்க ஆசையாகப் புதுச் சாரன் உடுத்தி வந்திருந்தார். ஒரு பார்வை பார்த்தார், சாரனைத் தூக்கிக் கட்டினார், பள்ளிக்கூடத்து மண்வெட்டியைப் பிடுங்கினார். அணையில் நாலு வெட்டு மண்ணைப் போட்டுத் தண்ணீரை மறித்தார். பிறகு சுற்றி வந்து, மதிலில் ஓர் இடத்தைக் கண்ணால் அளந்து, ஒரே வெட்டில் பிளந்தார். மதிலூரின் வெள்ளம் முழுவதும் அந்த வழியாகக் குப்பைக் கிடங்குக்கு வடிந்தது. என் கையில் பால்மா டின் மட்டும் மிஞ்சியது.

அதிகாரி கதிரையில் நின்றபடியே விதானையார் வெட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, ஒங்கட படத்தில இந்த இடத்தில ஒரு வாசல் இல்லயா? அஞ்சாவது வாசல்?"

நான் டின்னோடு எழுந்து நின்றேன். "இருந்த சேர். அச்சுப் பிழ எண்டு அடச்சிட்டன்."

"அந்தப் புத்தகத்த நானும் பள்ளியில படிச்சனான். அங்கயும் ஒருக்கா ஆறு பெருகி உள்ளுக்க வந்து, மதில் தண்ணிய வெளியால உடல்ல. சனம் மதில வெட்டித்தான் தப்பினது. வெட்டின இடம் பிறகு வாசலாப் போச்சு." விதானையாரைப் பார்த்தார். "ஐயா, நீங்க அந்தப் பாடம் படிச்சனீங்களா?"

"நான் ரெண்டாம் வகுப்பு ஐயா" என்றார் விதானையார். "தண்ணி எங்க போகப் பாக்குதோ அங்க வெட்டினன்."

அதிகாரி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பிள்ளைகளை மரநிழலில் இருத்தி, மதிலூரைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் விடாமல் சொன்னார்கள். ரோமர், அரசர், யாத்திரிகர், சந்தை, எல்லாம் சரி. திசை மட்டும் அத்தனை பேரும் ஒற்றுமையாகப் பிழை. புறப்படும் முன் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: 'மாணவர்களுக்குப் பாடம் தெரியும். ஆசிரியருக்குத் திசை தெரியாது. ஆறு மாதத்தின் பின் மீண்டும் பார்க்கலாம்.'

ஆறு மாதம்! நிரந்தரம் இல்லை, ஆகவே கலியாணமும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பாயில் குப்புறப் படுத்தேன். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் விதானையார் வீட்டுக்கே வந்துவிட்டார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று உம்மா கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினா.

"வாற மாசம் நிக்காஹ வைப்பம்" என்றார் விதானையார்.

உம்மாவின் அழுகை சட்டென்று நின்றது, அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டா. "வேல இன்னம் நிரந்தரமாகல்லயே காக்கா?"

"ஆகிற நேரம் ஆகட்டும். புள்ள, நான் கண்ணால கண்டனான். எல்லாரும் ஓடினாங்க. இவரு மட்டும் ஓடல்ல. கையில புடிச்சத உடாம, அழுதழுது நிண்டாரு. என்ட மகளப் புடிச்சாலும் உடமாட்டாரு." என் பக்கம் திரும்பினார். "அதோட, இந்த மனிசனத் தனிய உட ஏலா. திச காட்ட ஒராள் கட்டாயம் வேணும்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். நிக்காஹ் முடிந்து அந்த வீட்டுக்குப் போன அன்று மக்ரிப் பாங்கு கேட்டது. புது வீடு, புது அறை, எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது என்று விளங்காமல் நடு அறையில் நின்றேன். சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு மையால் பெரிய அம்புக்குறி, கீழே 'மேற்கு' என்ற எழுத்து. ஹமீதா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, என்னோடு முதன்முதலாகப் பேசினா.

"சேர், இஞ்சால."

ஆறு மாதத்தில் அதிகாரி மறுபடியும் வந்தார், ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு. மட்டக்களப்புக் கோட்டையைப் படிப்பித்தேன், தண்ணீர் இல்லாமல். வேலை நிரந்தரமானது. அம்புக்குறியும் நிரந்தரமானது. வெள்ளை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஹமீதா புதிதாக ஒன்று எழுதி ஒட்டுவா. நான் யாருக்காவது வழி சொன்னால் மனிதர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்குள் ஹமீதாவை எட்டிப் பார்த்து "ராத்தா, சரியா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

மகன் வளர்ந்து, படிக்க இங்கிலாந்துக்குப் போனான். வாப்பாவின் மானத்தை மூழ்கடித்த ஊரைப் பார்க்காமல் விடுவதா என்று ஒரு விடுமுறையில் மதிலூருக்கே போய்விட்டான். அங்கிருந்து தொலைபேசி எடுத்தான்.

"வாப்பா, பெரிய கோயிலுக்கு முன்னால நிக்கன். பீடம் கிழக்காலதான். ஆறு மேற்கால ஓடுது. அஞ்சாவது வாசலும் இரிக்கி."

"சரி, சரி" என்றேன். "நம்மட முறைக்குப் பார்த்தா நான் செய்தது பிழயில்லதானே? வணக்கத்தலம் எண்டா கிப்லாவ, மக்காப் பக்கத்தப் பாக்கணும். மிஹ்ராப் மேற்கு."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிறான் என்று விளங்கியது.

"வாப்பா, மக்கா எங்களுக்குத்தான் மேற்கு. இஞ்ச இருந்து பாத்தா தென்கிழக்கு. இஞ்ச பள்ளிவாசல்ல எல்லாம் மிஹ்ராப் அந்தப் பக்கம்தான் இரிக்கி."

பக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஹமீதா என் கையில் இருந்து தொலைபேசியைப் பறித்தா. முப்பது வருஷக் கணக்கை ஒரே வசனத்தில் முடித்தா.

"அப்ப மகன், அது பள்ளிவாசலாவே இருந்திருந்தாலும் ஒங்கட வாப்பா பிழதான்!"